நீ ஈஸி அமுக்கிய கார்டுகள்

நீ ஒரு ஏமாற்றுக்காரி. இறந்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்பது முறை. சர்ச்சில் உன் முப்பதாம் நாள் பூசையில் எல்லோரும் அந்த முறைப்படியே பேசினார்கள். நல்ல பெண், பொறுமைசாலி, அதிர்ந்து பேசாதவள் என்றார்கள். கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்து, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து உன் பெரியம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்தார். நீ கத்தாத தெரு ராயபுரத்தில் ஏது? யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். ஜப்பானிய மொழிக் கார்டுகளில் நீ ஏமாற்றினாய். அன்றைக்குப் படித்து முடிக்க வேண்டியவற்றை ‘ஈஸி’ என்று அமுக்கி அமுக்கி, மாதக்கணக்கில் தள்ளிவிட்டுப் போனாய். இப்போது அவை திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. என்னிடம்.

இன்று மதியம் ஆஸ்பத்திரித் துணி அறையில் உட்கார்ந்திருந்தேன். நாம் டிபன் பாக்ஸைத் திறக்கும் அதே மூலை. சலவையிலிருந்து வந்த போர்வைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. பிளீச்சிங் வாடையில் சாம்பார் சாதம்கூட நீச்சல் குளம் மாதிரி மணக்கும் என்று சொல்வாயே, அப்படித்தான் மணத்தது. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். திரையில் ஒரு புகைப்படம் வந்தது. எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கி; ஓடும் ஸ்கூட்டரிலிருந்து எடுத்ததால் சாய்ந்து கிடக்கிறது. மூலையில் உன் கட்டைவிரல், உரிந்துபோன சிவப்பு நகப்பூச்சோடு. அதற்கு ஜப்பானியச் சொல் என்ன என்று கேள்வி. எனக்கு வரவில்லை. எப்போதும் வந்ததில்லை. திருப்பினால் பின்பக்கம் ‘கெமுரி’ என்று இருந்தது. புகை.

உன் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாதம் ஆறிவிட்டது.

இந்த ஜப்பானியப் படிப்பே ஒரு துண்டுக் காகிதத்தில்தான் ஆரம்பித்தது. ஜப்பானில் முதியோரைப் பராமரிக்க ஆட்கள் தேவை, மொழிப் பயிற்சி உண்டு என்று யாரோ நம் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். தண்டையார்பேட்டையின் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் உதவிப் பணியாளர்கள். நர்ஸ் இல்லை, ஆயாவும் இல்லை. நோயாளியைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, படுக்கைப் புண்ணைத் துடைப்பது, சொந்தப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நிற்கும்போது உள்ளே நிற்பது, இவ்வளவும் நம் வேலை. இரண்டு வார்டுக்கு ஓர் ஆள். நம் கிழவர்களைப் பார்த்துக்கொள்ள இங்கே ஆள் போதவில்லை. ஆனால் நமக்குப் பயிற்சி கொடுத்து வேறு நாட்டுக் கிழவர்களிடம் அனுப்ப வகுப்பு நடக்கிறது. நான் இதைச் சொல்லிக் கொதித்தபோது நீ காகிதத்தைச் சுவரிலிருந்து உரித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய். உனக்குக் கோபப்பட நேரமில்லை. எங்கேயாவது போக வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பு பெரம்பூரில், ஒரு செருப்புக் கடையின் மாடியில். ஞாயிறு மட்டும். நீ காலைப் பூசையை முடித்துவிட்டு, தலையில் முக்காடு போட்ட தடம் கலையாமல் நேரே வருவாய். நம் ஆசிரியர் ஜப்பானில் ஒரு தொழிற்சாலையில் சில வருடங்கள் இருந்துவிட்டு வந்த தமிழர்தான். சென்சே, அதாவது ஆசிரியர், என்று கூப்பிடச் சொன்னார். நீ ‘சென்சே சார்’ என்று கூப்பிட்டாய், கடைசி வரைக்கும்.

அவர்தான் கார்டுச் செயலியைக் காட்டினார். கார்டின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். பதிலைப் பார்த்ததும் மறந்துவிட்டேனா, கஷ்டமா, சரியா, ஈஸியா என்று நாமே நேர்மையாக ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். மறந்தது சில நிமிடத்தில் திரும்ப வரும். ஈஸி என்று சொன்னது பல நாள் கழித்து வரும். அடுத்த முறையும் ஈஸி என்றால் பல வாரம், அப்புறம் பல மாதம். நமக்கு மறந்துபோகப் போகிற நேரம் பார்த்து அது கார்டைக் கொண்டுவந்து நீட்டும். ஒரு நாள் விட்டால் மறுநாள் கணக்கோடு சேர்ந்துகொள்ளும். ஒரு வாரம் விட்டால் திறக்கவே பயமாக இருக்கும்.

தலைக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார் அவர். நீ அன்றைக்கே உன் பாஸ்வேர்டை என் போனிலும் போட்டுவிட்டாய். நீ செய்யும் கார்டுகள் எனக்கும் வரும், நான் முடித்தவை உனக்குக் குறையும். காலை டூட்டி உனக்கு, மதிய டூட்டி எனக்கு. ஆளுக்குப் பாதி ஓட்டிவிடலாம் என்பது உன் திட்டம்.

“தனித்தனியா இன்னாத்துக்குடி? ஒரே வூட்டுக்கு ரெண்டு ரேஷன் கார்டா?”

சென்சேவுக்குத் தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டார். மறதி ஆளுக்கு ஆள் வேறு, ஒருத்தி சாப்பிட்டால் இன்னொருத்திக்குப் பசி அடங்குமா என்று கேட்டார். எங்களுக்கு அடங்கும் சார் என்றாய் நீ. வகுப்பே சிரித்தது. அவர் சொன்னது சரிதான். அந்தச் செயலிக்கு நாம் இருவரும் ஒரே ஆள். உனக்குத் தெரிந்ததை எனக்கும் தெரியும் என்று அது எழுதிக்கொண்டது. நான் மறந்ததை நீ மறந்தாய் என்று உன்னைத் திரும்பத் திரும்பக் கேட்டது. இப்படி ஒரு முட்டாள்தனத்தை உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் அதை மாற்றச் சொல்லி நானும் ஒரு நாளும் கேட்கவில்லை.

கார்டுகளில் முதலில் இருந்த படங்கள் உனக்குப் பிடிக்கவில்லை. பனி, பூத்த மரம், மரத்தடியில் சிரிக்கும் வெள்ளைச் சட்டைக் குடும்பம். இதையெல்லாம் பார்த்தால் இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்குத்தான் மண்டையில் ஏறும், நமக்கு ஏறாது என்றாய். ஒவ்வொன்றாக அழித்துவிட்டு நீயே எடுத்துப் போட்டாய். துறைமுகம் என்ற சொல்லுக்குக் காசிமேடு. படகுகளுக்கு முன்னால் ஒரு நாய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பாலத்துக்கு நம் ரயில்வே மேம்பாலம். தண்ணீருக்கு உங்கள் வீட்டு நீல டிரம். சாம்பல் என்ற சொல்லுக்காக அனல்மின் நிலையத்துப் பக்கம், நெட்டுக்குப்பம் வரை என்னையும் ஏற்றிக்கொண்டு போனாய், ஞாபகம் இருக்கிறதா? அங்கே ஒரு அக்கா கொடியில் காய்ந்த துணியை உதறிக்கொண்டிருந்தார். ஜப்பானிய மொழி படிக்கிறோம், சாம்பலைப் படம் எடுக்க வந்தோம் என்று சொன்னதும், “அதுக்கு இன்னாம்மா, எந்தத் துணிய வோணா எடுத்துக்கோ” என்றார். நான் திரும்பி வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். அந்த மின்சாரம் போகிற வீடுகளில் துணியில் சாம்பல் விழுவதில்லை என்றேன். நீ வண்டி ஓட்டிக்கொண்டே, இந்தச் சொல்லை இனி நீ மறக்கவே மாட்டே என்றாய். மறக்கவில்லை.

வகுப்பில் நேர்காணல் ஒத்திகை நடந்த நாளும் அப்படித்தான். ஏன் ஜப்பான் போக விரும்புகிறாய் என்பது கேள்வி. எல்லோரும் மனப்பாடம் செய்த பதிலைச் சொன்னார்கள். பண்பாடு பிடிக்கும், ஒழுக்கம் பிடிக்கும், முதியோரை மதிக்கிறேன். உன் முறை வந்தபோது ஜப்பானியம் வரவில்லை. தமிழிலேயே சொல் என்றார் சென்சே.

“அங்க சின்னப் பசங்க தனியா நடந்தே ஸ்கூலுக்குப் போவுதாம் சார். எவனும் இடிக்க மாட்டானாம். ரோடு அவ்ளோ சோக்கா கீதாம். அத்தப் பாக்கணும் சார்.”

முன்வரிசையில் இரண்டு பேர் உன் பேச்சைக் கேட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். உன் பதிலுக்குச் சிரிக்கவில்லை. ‘கீதாம்’ என்றதற்குச் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வெளியே வந்து அவர்களைப் பிடிக்கலாம் என்று நான் வேகமாகப் படி இறங்கினேன். நீ என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாய்.

“உட்டுடு. அங்க போயி நம்ம தமிழப் பேசனா, நார்த் மெட்ராஸான்னு எவனாச்சும் கேப்பானா? நம்ம தமிழும் அதுங்க தமிழும் அவனுக்கு ஒண்ணுதான்.”

நான் கோபத்தில் நின்றுகொண்டிருந்தேன். நீ கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாய்.

அதற்குப் பிறகு மழைக்காலம் வந்தது. காய்ச்சல் வார்டு நிரம்பி வராந்தாவில் பாய் போட்டார்கள். டூட்டிக்கு மேல் டூட்டி. கார்டுகள் சேர்ந்துகொண்டே போயின. மாலைப் பேருந்தில் திறந்தால் நூறு நூறாக ஏறிய பாக்கிக் கார்டுகளின் எண் நீல நிறத்தில் முறைத்துக்கொண்டு நிற்கும். நான் உன்னிடம் துணி அறையில் வைத்துச் சொன்னேன். எனக்கு மொழியெல்லாம் வராது, இன்னும் ஒரு நாள் அந்த எண் இப்படி நின்றால் வகுப்பை விட்டுவிடுவேன், நீ மட்டும் போய்க்கொள் என்றேன். என் ஊறுகாயை எடுத்துச் சாப்பிட்டாய்.

மறுநாள் மாலை திறந்தால் எண் பாதியாகியிருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் குறைந்தது. என்னடி, தூங்குகிறாயா இல்லையா என்று கேட்டேன்.

“எல்லாம் எனக்கு வந்துச்சி. ஈஸி போட்டேன்.”

“எல்லாமே ஈஸியா? ஏமாத்துக்காரி.”

“அப்பால வரும்ல? அப்பப் பாத்துக்கலாம்டி.”

அதைச் சொல்லிவிட்டு நீ வார்டுக்குப் போனாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்தேன். எண் சின்னதாக இருந்தால் போதும், நான் ஒரு வழியாகத் தொடர்ந்து வந்தேன். வகுப்பை விடவில்லை.

பொங்கல் முடிந்த வாரம் நம் இருவருக்கும் காலை டூட்டி விழுந்தது. நான் திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். டோல்கேட் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. முன்னால் முழுக்க டிரெய்லர் லாரிகள். ஏதோ ஆக்சிடென்டாம், கிளியராக நேரமாகும் என்று நடத்துநர் சொன்னார். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நான் போனை எடுத்தேன். வண்டி நின்றதும் நல்லதாகப் போயிற்று, இரண்டு நாள் கார்டை ஓட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். அன்றைக்குப் பாலம், படிக்கட்டு, கைத்தடி, செருப்பு எல்லாம் வந்தது. எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்தது. எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. உன்னிடம் காட்டிப் பீற்றிக்கொள்ள வேண்டும் என்று இருந்தேன்.

அந்த நெரிசல் நீதான்.

மற்றதை நான் எழுதப்போவதில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி, திரும்புகிற இடத்தில் பின்சக்கரம், அதன் கீழே உன் ஸ்கூட்டர். பேப்பரில் நான்கு வரி வந்தது. அதிலும் உன் வயது தப்பு. ஓட்டுநரைப் பிடித்து நாலு பேர் அடித்தார்கள். எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. நாள்கணக்கில் சாலையிலேயே வரிசையில் கிடந்து, வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே தூங்கி எழுந்து ஓட்டுகிறவன் அவன். லாரிகளைச் சாலையில் நிறுத்திவைத்தவனை யாரும் அடிக்கவில்லை. அங்கே நடைபாதை போடாதவனை, விளக்கு போடாதவனை, வட சென்னைக்காரர்கள் எப்படியும் பழகிக்கொள்வார்கள் என்று எங்கோ உட்கார்ந்து முடிவு செய்தவனை யாரும் தேடவில்லை. ஊரின் சரக்கெல்லாம் நம் வாசல் வழியாகப் போகும். நாம் ஓரமாக ஒதுங்கிப் போக வேண்டும். ஒதுங்க ஓரம் எங்கே இருக்கிறது?

நீ பார்க்க ஆசைப்பட்டது ஒரு சாலையைத்தான்.

பல மாதம் நான் செயலியைத் திறக்கவில்லை. தினமும் காலையில் அது ஒரு முறை மணியடிக்கும், நேரமாயிற்று என்று. நான் அணைத்துவிடுவேன். அதற்கு ஒன்றும் தெரியாது. அதன் கணக்கில் நாம் ஒரே ஆள். அந்த ஆள் உயிரோடுதான் இருக்கிறாள், கொஞ்ச நாளாகச் சோம்பேறியாகிவிட்டாள், அவ்வளவுதான்.

ஜூலையில் சென்சே ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். தன் மாமனாரைச் சேர்த்திருந்தார். நான் அந்தப் பெரியவருக்குச் சட்டை மாற்றிவிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், ஜப்பானிலிருந்து தேர்வு நடத்த ஆட்கள் வருகிறார்கள், உன் பெயரை அனுப்பவா என்று கேட்டார். எல்லாம் மறந்துவிட்டது சார் என்றேன். போனை வாங்கித் திறந்தார். எண்ணைப் பார்த்து அவரே தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கு, புதுக் கணக்கு, உன் பெயரில் என்றார். அவர் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் போயிற்று. நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன். நோயாளியின் மருமகனிடமிருந்து போனைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். நல்லவேளை, அவர் புகார் சொல்லவில்லை. புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

அழிக்காமல் ஓட்டுவதானால் எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். புதுச் சொல் ஒன்றும் சேர்க்காதே. மொத்த எண்ணைப் பார்க்காதே, மறைத்துவை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்துக்கொள். சீக்கிரம் மறக்கக்கூடியவை முதலில் வரட்டும், நெடுநாள் தள்ளிப் போட்டவை கடைசியில் வரட்டும். தேர்வுக்கு முந்தின ஞாயிறு என்னிடம் பூஜ்யத்தைக் காட்டு, அப்போதுதான் பெயரை அனுப்புவேன் என்றார். கறாரான ஆள். உனக்குப் பிடித்ததே அதனால்தான்.

அன்றிலிருந்து ஓட்டுகிறேன். பேருந்தில், துணி அறையில், ஸ்கேன் அறைக்கு வெளியே சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. முதல் வாரம் ஒன்றுமே தெரியவில்லை. எல்லாமே மறந்த பொத்தான்தான். பிறகு மெல்லத் திரும்பி வந்தன. கார்டுக்குக் கார்டு உன் விரல், உன் நிழல், உன் ஸ்கூட்டரின் கண்ணாடி. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் நீ சுற்றிய இடமெல்லாம் ஒரு சொல்லோடு வந்து நிற்கிறது. தேர்வுக்குப் படிக்கிறேனா, உன் பின்னால் வண்டியில் உட்கார்ந்து போகிறேனா என்று சில நேரம் தெரிவதில்லை.

போன ஞாயிறு உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா நைட்டி தைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கார்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் எடுத்த போட்டோவா என்று கேட்டார். போனைக் கையில் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். நீல டிரம் வந்தது. “நம்ம தண்ணி டிரம்மு.” படிக்கட்டு வந்தது. “இத்து நம்ம வூட்டு மாடிப்படி. இந்தத் தாவுல செருப்ப உடாதன்னு எத்தினி வாட்டி சொல்லிகீறேன், பாரு, போட்டோலயும் உட்டுவெச்சிகீறா.” காசிமேட்டு நாயைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

“நான் கரெக்டா சொன்னனா?”

கரெக்டும்மா என்றேன். ஒவ்வொன்றுக்கும் ‘சரி’ என்ற பொத்தானை அமுக்கினேன். இனி அந்தச் செயலிக்கு நாம் மூன்று பேரும் ஒரே ஆள்.

கிளம்பும்போது, போகப்போகிறாயா என்று கேட்டார். தெரியவில்லை, பாஸாக வேண்டும், பிறகு அவர்கள் எடுக்க வேண்டும் என்றேன். அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“போ. அங்க போயும் வண்டி மட்டும் ஓட்டாத.”

வாசலில் உன் செருப்பு இல்லாத படிக்கட்டில் இறங்கி வந்தேன்.

இந்த வாரம்தான் கடைசிக் கட்டுக்கு வந்தேன். நெடுநாள் தள்ளிப் போட்டவை. நீ ஈஸி அமுக்கியவை. நான் என்ன எதிர்பார்த்தேன் என்றால், உனக்குத் தெரியாத சொற்களாக இருக்கும், ஓட்ட முடியாமல் தள்ளிவிட்டிருப்பாய் என்று. வந்தவற்றைப் பார்த்தால் புகை. மறத்தல். கடன் வாங்குதல், கடன் கொடுத்தல். விழுதல். எல்லாம் எனக்கு வராத சொற்கள். மழைக்காலத்தில் நான் மறந்த பொத்தானை அமுக்கி அமுக்கி, போனைத் தூக்கி எறியப் போன சொற்கள். உனக்கு அவை ஒவ்வொன்றும் தெரியும். நீதானே இடம் தேடிப் போய்ப் படம் எடுத்தாய்? காலையில் எனக்கு முன்னால் திறந்து, என்னை அழவைக்கும் கார்டுகளாகப் பார்த்து எடுத்துத் தள்ளியிருக்கிறாய். மாலையில் நான் திறக்கும்போது எனக்குத் தெரிந்த கார்டுகள் மட்டும் மிச்சம் இருக்கும். எண்ணும் சின்னதாக இருக்கும். நானும் நமக்கு மொழி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு பெரம்பூருக்கு வருவேன்.

அல்லது உனக்கு வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்திருக்கும். உன்னை எனக்குத் தெரியும். அதற்கும் இடம் உண்டு. கேட்டால் சிரித்திருப்பாய், உண்மையைச் சொல்லியிருக்க மாட்டாய். எப்படியானாலும் என் குற்றச்சாட்டை நான் திரும்பப் பெறவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னாய். இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அதற்கு அர்த்தம். அந்த அப்புறம் வந்துவிட்டது. பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான் இருக்கிறேன். இதற்குப் பெயர் ஏமாற்று இல்லை என்றால் வேறு என்ன?

நேர்காணலில் ஏன் ஜப்பான் என்று கேட்டால் என்ன சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். பண்பாடு, ஒழுக்கம் எதுவும் சொல்லப்போவதில்லை. சின்னப் பிள்ளைகள் தனியாக நடந்து போகிற சாலையைப் பார்க்க வேண்டும் என்று சொல்வேன். ஜப்பானிய மொழியிலேயே சொல்வேன். சென்சேவிடம் திருத்தி வாங்கிவிட்டேன். அது என்னுடைய பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும். ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிட்டு, சரி என்றார். எதிரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது புரியுமா, புரிந்தால் எடுப்பார்களா, எனக்குத் தெரியாது. ஆனால் அதைத்தான் சொல்வேன்.

நாளை ஞாயிறு. பூஜ்யத்தைக் காட்ட வேண்டும். மதியம் துணி அறையில் புகையை முடித்து, விழுதலை முடித்து, மீதி ஒரே ஒரு கார்டு. அதைத் திருவொற்றியூர்ப் பேருந்தில் திறந்தேன்.

படத்தில் நான். தண்டையார்பேட்டை நிறுத்தம். எதிர்ப்பக்கத்திலிருந்து எனக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறாய். கையில் மடக்கிய குடை, தோளில் பை, முகத்தில் ஊரையே அடிக்கப்போகிற கோபம். பாதிப் படத்தை ஒரு லாரியின் பக்கவாட்டு மறைத்திருக்கிறது. அதைத் தாண்டி உன்னைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். வகுப்புக்கு லேட்டாக்கிவிட்டாளே என்று. இந்தக் கார்டை என் கண்ணில் நீ காட்டியதே இல்லை. படத்தைப் போட்டதும் ஈஸி, ஈஸி, ஈஸி என்று தள்ளிக்கொண்டே போயிருக்கிறாய்.

சொல் எனக்குத் தெரிந்தது. பார்த்ததுமே வந்துவிட்டது. மட்சு. காத்திருத்தல்.

பொத்தான்களுக்கு மேலே சின்ன எழுத்தில், எதை அமுக்கினால் எப்போது திரும்பி வரும் என்று போட்டிருக்கிறது. மறந்துவிட்டேன் என்றால் பத்து நிமிடம். ஈஸி என்றால் ஒரு வருடத்துக்கும் மேல். நேர்மையாகச் சொன்னால் ஈஸிதான். அதை அமுக்கினால் பூஜ்யம் வரும், நாளை என் பெயர் போகும், இந்தப் படம் திரும்பி வரும்போது நான் எங்கே இருப்பேனோ தெரியாது. மறந்துவிட்டேன் என்று அமுக்கினால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீ எதிர்ப்பக்கத்தில் வந்து நிற்பாய், நான் உன்னைத் தேடிக்கொண்டே இருப்பேன், எண் ஒன்றிலேயே நிற்கும். அப்புறம் நானும் ஏமாற்றுக்காரிதான்.

பேருந்து டோல்கேட்டில் நிற்கிறது. முன்னால் லாரிகள். விரலைத் திரைக்கு மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பார்த்துக்கொள்ளலாம் என்றாயே, வந்து பார். இந்த ஒன்றை மட்டும் நீ சொல்ல வேண்டும்.

எத்த அமுக்க? சொல்லுடி.